தந்தல் மடு

விடியும் நேரத்தில் மூத்த எருமை வீட்டுச் சுவரில் முட்டியது. நாணலால் கட்டிய சுவர். பெரிய சத்தம் இல்லை. நஷ்மியா கறப்பதை நிறுத்திவிட்டுத் திரும்பினாள். எருமை பின்னால் நகர்ந்தது. மறுபடி அதே இடத்தில் முட்டியது.

“இதுக்கும் கண்ணு போச்சு” என்றாள்.

அவள் புருஷன் கையூன் வந்து கொம்பைப் பிடித்து அதன் முகத்தை வெளிச்சத்துக்குத் திருப்பினான். கருவிழி மேல் வெள்ளை படர்ந்திருந்தது. உப்புத் தண்ணீர் அப்படித்தான். முதலில் பால் குறையும். அப்புறம் கண். அப்புறம் ஒரு நாள் சேற்றில் படுத்தது எழுந்திருக்காது. இந்தக் கோடையில் இரண்டு அப்படிப் போயிருந்தன. கிழக்குக் காற்று அடிக்கும்போதெல்லாம் அவற்றை இழுத்துப் போட்ட இடத்திலிருந்து நாற்றம் வந்தது.

உம் கஸப் சதுப்புக்கு யூப்ரட்டீஸ் ஆற்றிலிருந்து வந்த வாய்க்கால் போன வருடமே மண் மேடிட்டு நின்றுவிட்டது. மிஞ்சிய தண்ணீர் சுருங்கச் சுருங்க உப்பேறியது. கரையில் வெள்ளைப் பொருக்கு. நாணல் அடியிலிருந்து மஞ்சளாகிக்கொண்டு வந்தது. பக்கத்து வீட்டுக்காரர்கள் எருமைகளை லாரியில் ஏற்றிக்கொண்டு கர்பலா பக்கம் போய்விட்டார்கள். அங்கே ஊர்ச் சாக்கடை ஓடும் வாய்க்கால் இருக்கிறதாம். சாக்கடையானாலும் உப்பில்லை.

கையூனும் போயிருப்பான். நஷ்மியா வர மாட்டேன் என்றாள்.

“அவன இங்க விட்டுட்டு நான் எங்கயும் வரல.”

அவன் என்றால் சாஜித். ஒரே மகன். இரண்டு பெண்களைக் கட்டிக்கொடுத்த பிறகு வீட்டில் மிஞ்சியவன். சில வருடங்களுக்கு முன்பு, வடக்கே நாணலுக்குள் இருக்கும் மடுவில் செத்தான். கையூன்தான் போய்த் தேடித் தூக்கி வந்தான். நஜஃபுக்குக் கொண்டுபோய் அடக்கம் செய்தார்கள். எல்லாரையும் அங்கேதான் அடக்கம் செய்வார்கள். நஷ்மியா அதை ஒப்புக்கொள்ளவில்லை. நஜஃபில் இருப்பது உடம்பு என்றாள்.

எப்படிச் செத்தான் என்று கேட்டவர்களிடம் கையூன் சொன்னது ஒரே சொல். தந்தல்.

தந்தல் என்ற பேய் நாணலுக்குள் நிற்கும். நாணலைவிட உயரம். பேர் சொல்லிக் கூப்பிடும். இரும்புக்கு மட்டும் பயம். கையூன் தன் கண்ணால் பார்த்ததாகச் சொன்னான். அது நின்ற இடம், அதன் கை நீளம், குனிந்து மகன் முகத்தைப் பார்த்த விதம் எல்லாம் சொன்னான். அதற்குப் பிறகு அந்தப் பக்கம் போக நேர்ந்தவர்கள் கழுத்துப்பட்டியில் ஊசி குத்திக்கொண்டு போனார்கள். பிறகு யாருமே போகவில்லை. பேட்டரியும் கரண்ட் கம்பியும் வைத்து இருட்டில் மீன் பிடிக்கிறவர்கள்கூட அதைச் சுற்றிக்கொண்டு போனார்கள். ஊரில் அதற்குத் தந்தல் மடு என்றே பேராகிவிட்டது.

நஷ்மியா மட்டும் போவாள். வியாழக்கிழமைகளில், பொழுது சாயும்போது. பேரீச்ச மட்டையின் அடிக்கட்டை மேல் மெழுகுவர்த்தி ஏற்றித் தண்ணீரில் விடுவாள். கிள்ருக்கு நேர்ச்சை. தொலைந்து போனவர்களுக்குத் துணை போகிறவர் அவர். ஓட்டமில்லாத தண்ணீர். கட்டை விட்ட இடத்திலேயே நின்று எரிந்து அணையும். அவள் திரும்பி வருவாள்.

மிஸ்பானின் படகு கரையில் மோதியது. நஷ்மியாவின் தம்பி. பறவை பிடித்து டவுனில் விற்கிறவன். காலையில் அக்காவின் பாலாடையையும் ஏற்றிக்கொண்டு போவான்.

“இவ்வளவுதானா? அக்கா, இது பாலாடையா, எருமையோட தும்மலா?”

“கேலி பண்ணாத. இதுக்குக் கண்ணு போச்சு.”

“எருமைக்குக் கண்ணு போனா என்ன? மச்சானுக்குத்தான் ரெண்டு கண்ணும் இருக்கே, இந்த வீட்டுச் சுவத்த நேரா கட்டினாரா?”

“இது உங்கப்பன் கட்டின சுவருடா” என்றான் கையூன்.

“அப்போ சுவரு நேராத்தான் இருக்கு. நீ கோணலா நிக்கிற.” மிஸ்பான் படகில் உட்கார்ந்து சிகரெட் பற்றவைத்தான். “சேதி தெரியுமா? தண்ணி ஆபீசுல ஒரு வாய்க்கால் வெட்டப் போறாங்க. ஒண்ணே ஒண்ணு. நம்ம உம் கஸப், கிழக்குச் சதுப்பு, ரோட்டோரச் சதுப்பு. மூணுல எதுக்குன்னு பாக்க பஸ்ராவிலேருந்து ரெண்டு பேரு வர்றாங்க.”

“என்னத்தப் பாக்கறாங்க?”

“எங்க உயிரு ஜாஸ்தியோ அங்க தண்ணி.”

கையூன் சிரித்தான். “தண்ணி இருந்தாத்தானே உயிரு இருக்கும்.”

“அத நீ அவங்ககிட்ட சொல்லு. பறவை பாக்கறவன் ஒருத்தன், பூச்சி பாக்கறவ ஒருத்தி. கிழக்குச் சதுப்புல பறவை அப்பிக் கிடக்கு மச்சான். இங்க என்ன இருக்கு? ஒரு கொக்கு. அதுவும் வழி தெரியாம நிக்குது.”

எருமை மறுபடி சுவரில் முட்டியது.

“பறவைதானே வேணும்?” மிஸ்பான் புகையை ஊதினான். “என் கூண்டுல கிடக்கே.”

கையூன் வேண்டாம் என்று கையை அசைத்தான். பிறகு எருமையைக் கொம்பைப் பிடித்து வாசல் பக்கம் திருப்பிவிட்டான். அது எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல் நின்றது.

“எத்தன இருக்கு?” என்றான்.

*

மற்ற இரண்டு சதுப்பையும் பார்த்துவிட்டு இங்கே வந்தவர்கள் இரண்டு பேர். ரிஹாம் தட்டானும் நீர்ச்செடியும் பார்க்கிறவள். முப்பது வயதிருக்கும். முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ். நூரி பறவையும் மீனும். நரைத்த மீசை, கழுத்தில் தூரக்கண்ணாடி, எப்போதும் பசி. நஷ்மியா தணலில் அரிசி ரொட்டி சுட்டுப் போட்டாள். பாலாடையும் பேரீச்சம்பாகும் வைத்தாள். நூரி தின்றுகொண்டே இருந்தான்.

“டாக்டரம்மா, ஒண்ணு கேக்கறேன்” என்றாள் நஷ்மியா. “இங்க இருக்கிற உயிரையெல்லாம் எண்ணிட முடியுமா?”

“முடியாது உம் சாஜித். அதுக்கு ஆளும் இல்ல, ஆயுசும் இல்ல. நாலு கூட்டத்த மட்டும் பாப்போம். பறவை, மீனு, தட்டான், நீர்ச்செடி. இது நாலும் மத்ததுக்குச் சாட்சி. இதுங்க நல்லா இருந்தா, நாம பாக்காததும் நல்லா இருக்கும்னு வெச்சுப்போம்.”

“எருமை?”

“எருமை இல்ல.”

“மனுசன்?”

ரிஹாம் தேநீர்க் குவளையைப் பார்த்தாள். நூரி வாயில் ரொட்டியோடு சொன்னான். “மனுசன் சாட்சிக்கு ஆவ மாட்டான். பொய் சொல்லுவான்.”

மிஸ்பான் பலமாகச் சிரித்தான். கையூன் எழுந்துபோய் அடுப்பில் வறட்டி வைத்தான்.

“நாளைக்குப் படகு தள்ள உங்க பையன் வருவானா, அபூ சாஜித்?” என்று நூரி கேட்டான். “சாஜித் எங்க, காணோமே?”

அவனுக்குத் தெரியாது. மூத்த மகன் பேரைச் சொல்லித்தான் பெற்றவர்களைக் கூப்பிடுவது; அபூ என்றால் அப்பா, உம் என்றால் அம்மா. பிள்ளை செத்தாலும் அந்தப் பேர் மாறுவதில்லை. ஒரு நாளைக்கு எத்தனை முறை அந்தப் பேர் அந்த வீட்டில் விழுகிறது என்று கேட்பவர்கள் கவனிப்பதில்லை.

மிஸ்பான் சிரிப்பை நிறுத்தினான். கையூன் வாயைத் திறப்பதற்குள் நஷ்மியா சொன்னாள்.

“வெளிய போயிருக்கான்.”

*

அடுத்த நாள் காலை தெற்குக் கரையில் நீலத் தாழைக்கோழிகள் நின்றன. சிவப்பு அலகு, சிவப்பு நெற்றி. நாணல் இடுக்கில் புள்ளி வாத்துகள். நூரி படகில் எழுந்து நின்று தூரக்கண்ணாடியை வைத்தான். வெகு நேரம் பார்த்தான். கையூன் கழி ஊன்றிக்கொண்டு வேறு பக்கம் பார்த்தான்.

“கிட்ட விடுங்க” என்றான் நூரி.

“பயந்துடும்.”

“பறக்கட்டும். பறந்தா எண்ணச் சுலபம்.”

படகு நெருங்கியது. தாழைக்கோழிகள் ஓடின. இறக்கையை அடித்தன. ஒன்றும் எழவில்லை. ஒன்று தடுமாறிச் சேற்றில் விழுந்தது. நூரி குனிந்து கையால் எடுத்தான். இறக்கையை விரித்தான். ஒரு பக்கத்து இறகுகள் கத்தரியால் வெட்டிய மாதிரி நேராக நின்றன. காலில் கயிறு கட்டியிருந்த தடம்.

“சந்தையில வாங்கினதா?”

கையூன் கழியை மறுபக்கம் மாற்றி ஊன்றினான்.

“அபூ சாஜித், உங்களத்தான். நான் முட்டாளா? காலம்பூரா இதப் பாத்துட்டு இருக்கேன். இறக்க வெட்டின கோழியக் கொண்டாந்து நிறுத்தி என் கண்ணுல மண்ணத் தூவறீங்க.”

“நூரி, விடு” என்றாள் ரிஹாம்.

“என்னத்த விடறது? இந்த இடத்தயே விட்டுடறேன். கிழக்க போவோம். அங்க பறவை தானா வருது.”

தாழைக்கோழி அவன் கையில் கத்தியது. அவன் அதைப் படகில் விட்டான். அது பலகைக்கு அடியில் போய் ஒடுங்கியது.

கையூன் கழியைச் சேற்றில் குத்தி நிறுத்தினான். வெயில் ஏறிவிட்டது. தண்ணீரிலிருந்து சூடான உப்பு வாடை வந்தது.

“இந்தத் தண்ணியில எங்கிட்ட காட்ட வேற என்ன இருக்கு சார்?” என்றான். “விருந்தாளி வந்தா இருக்கறத வெக்கிறோம். இல்லாதப்போ கடன் வாங்கி வெக்கிறோம். அப்படித்தான் செஞ்சேன்.”

நூரி முகத்தைத் துடைத்துக்கொண்டான். கோபம் கொஞ்சம் இறங்கியது. “நீங்க கெட்டது பண்ணல. ஆனா பொய் உள்ள வந்துட்டா எது நெசம்னு எப்படிச் சொல்றது?”

“பாக்காத இடம் ஏதாவது இருக்கா?” என்று ரிஹாம் கேட்டாள்.

கையூன் வடக்கே பார்த்தான். அங்கே நாணல் பச்சையாக இருந்தது. எல்லாரும் பார்க்கும்படிதான் இருந்தது. யாரும் பார்ப்பதில்லை.

“ஒண்ணு இருக்கு” என்றான். “உம் சாஜித்துக்குத் தெரியக்கூடாது.”

*

நாணல் இரண்டு ஆள் உயரம். படகு நுழைந்ததும் வெயில் மங்கியது. காற்று நின்றது. கையூன் கழியை மெதுவாக ஊன்றினான். தண்ணீர் நிறம் மாறியது. பழுப்பு போய்த் தெளிந்தது. அடியில் ஊற்று இருந்திருக்க வேண்டும். நூரி கையை விட்டு நனைத்து நாக்கில் வைத்தான்.

“உப்பு இல்ல.”

மடு திறந்தது. பெரியதில்லை. ஓர் எருமைக் கொட்டடி அகலம். அடி தெரியாத ஆழம். வேலம்பாசி கொத்துக் கொத்தாக நின்றது. அதற்குள் மீன் குஞ்சுகள் திரும்பும்போது வெள்ளி மாதிரி மின்னி மறைந்தன. மேலே தட்டான்கள். நீலம், சிவப்பு, புகை நிறம். ஊசித் தட்டான்கள் ஒன்றின் கழுத்தை ஒன்று பிடித்தபடி பாசிமேல் இறங்கின. சத்தமே இல்லை. அத்தனை உயிர் இருந்தும் சத்தம் இல்லை.

மட்டைக் கட்டைகள் ஓரமாக மிதந்தன. ஒவ்வொன்றின் மேலும் உருகிய மெழுகு. ரிஹாம் பார்த்தாள். கேட்கவில்லை.

அவள் உற்றுப் பார்த்தது நாணல் தண்டுகளை. தண்ணீருக்கு மேல் ஒரு சாண் உயரத்தில் ஒவ்வொரு தண்டிலும் ஏதோ பிடித்துக்கொண்டிருந்தது. விரல் கணு அளவு. காய்ந்த நிறம். கால்கள் தண்டை இறுக்கியிருந்தன. முதுகு பிளந்து உள்ளே காலி.

“என்ன இது?” என்றான் கையூன். பார்த்திருக்கிறான். கேட்டதில்லை.

“தட்டான் கழட்டிப் போட்ட சட்டை. புழுவா இருக்கிறப்போ தண்ணிக்குள்ள மாசக் கணக்குல கிடக்கும். அப்புறம் ஏறி வந்து, முதுகக் கிழிச்சுக்கிட்டு, பறந்து போயிடும். சட்டை மட்டும் நிக்கும்.” ஒன்றை நகத்தால் நோகாமல் எடுத்து உள்ளங்கையில் வைத்தாள். “பறக்கறது எங்கேருந்து வேணா வரலாம். இது வர முடியாது. இந்தத் தண்ணிக்குள்ளயே வளந்ததோடது.”

“உள்ள இருந்தது திரும்பி வருமா?”

“சட்டைக்கா? வராது.”

கையூன் தலையாட்டினான்.

ரிஹாமும் நூரியும் வேலை செய்தார்கள். அவள் சட்டைகளைச் சேகரித்துப் பார்த்துப் பார்த்து வேறு வேறு குப்பியில் போட்டாள். பாசியை இணுக்கி எடுத்தாள். அவன் மீனுக்குக் கைவலை விட்டான். இரண்டு பேரும் தணிந்த குரலில் சண்டை போட்டார்கள்.

“பறவைக் கணக்குல இந்தச் சதுப்பு கடைசி” என்றான் நூரி.

“தட்டான் கணக்குல முதல்ல வரும். செடியிலயும்.”

“அப்போ ஒண்ணு பொய்.”

“ரெண்டும் நெசம். உன் பறவை, இன்னிக்கு எங்க தண்ணி இருக்கோ அங்க போய் உக்காரும். அது வழிப்போக்கன் சாட்சி. இது குடியிருக்கிறவன் சாட்சி.” அவள் குப்பியைத் தூக்கிக் காட்டினாள். “கிழக்க இருக்கிறதுதான் ரோட்டோரத்துலயும் இருக்கு. அங்க தண்ணி விட்டா இருக்கறதயே திரும்பக் காப்பாத்தின மாதிரி. இங்க இருக்கறதுல பாதி அந்த ரெண்டுலயும் இல்ல. எங்க ஜாஸ்தின்னு கேக்கக்கூடாது நூரி. இது போனா வேற எங்க இருக்குன்னு கேக்கணும்.”

நூரி வலையை இழுத்தான். கனமாக வந்தது. பாசியோடு ஒரு நீளக் கம்பி மேலே வந்தது. துரு ஏறியிருந்தது. நுனியில் வளையம், வளையத்தில் அறுந்த வலை நூல். கைப்பிடியில் சுற்றியிருந்த ஒயரின் ரப்பர் உருகிக் கட்டியாகியிருந்தது.

மூன்று பேரும் அதைப் பார்த்தார்கள். அந்தச் சதுப்பில் அது என்னவென்று தெரியாதவர்கள் இல்லை. ஒரு முனை பேட்டரியில், மறு முனை தண்ணீரில். மீன் செத்து மேலே வரும். மீன் மட்டுமில்லை, எல்லாம்.

கையூன் கம்பியை வாங்கிப் படகின் அடியில் போட்டு அதன் மேல் ஈர நாணலைப் பரப்பினான்.

“என் பையன் கெட்டவன் இல்ல” என்றான். “தண்ணி வத்திப்போச்சு, வலையில ஒண்ணும் விழல. எல்லாரும் பண்ணாங்க. இவனும் பண்ணான். ஒயரு ஈரமா இருந்திருக்கு.” நாணலை இன்னொரு பிடி இழுத்து மூடினான். “நான் வந்தப்போ பேட்டரி படகுல இருந்துச்சு. இவன் தண்ணியில இருந்தான். மீனெல்லாம் அவனச் சுத்தி மிதந்துச்சு. நான் பேட்டரிய ஆத்துல போட்டேன். கம்பி அடியில போயிடுச்சு, கிடைக்கல. கரண்ட் வெச்சுச் செத்தான்னு அவங்கம்மா காதுல எப்படிப் போடறது? தந்தல்னு சொன்னேன்.”

“அதனாலதான் இங்க யாரும் வரல” என்றாள் ரிஹாம். அவனிடம் சொல்லவில்லை. மடுவைப் பார்த்துச் சொன்னாள்.

*

நஷ்மியா அன்று நாணல் அறுக்கத் தெற்கே போயிருந்தாள். திரும்பி வந்தபோது பொழுது இறங்கியிருந்தது. விருந்தாளிகள் வீட்டுக்குள் குப்பிகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். இறக்கை வெட்டிய தாழைக்கோழி கன்றுகளுக்கு நடுவில் மேய்ந்துகொண்டிருந்தது. கையூனின் படகில் ஈர நாணல் கிடப்பதைப் பார்த்து, எருமைக்குப் போட அள்ளினாள். தெற்கே அந்தப் பச்சையில் நாணல் இல்லை. அவள் கை நின்றது. மீதியையும் அள்ளினாள். கம்பி தெரிந்தது.

கையூன் கரையில் நின்றான். அவள் கம்பியை எடுத்து நிமிர்த்திப் பிடித்தாள். அவளைவிட உயரமாக இருந்தது.

“அங்க போனியா?”

“போனேன்.”

“இது அடியில கிடந்துச்சா?”

“நஷ்மியா, நான் சொல்றத...”

“நீ சொல்ல வேணாம். எனக்குத் தெரியும்.” குரல் உயரவில்லை. “அவன நீ தூக்கிட்டு வந்து படுக்க வெச்ச அன்னிக்கே தெரியும். கையத் தொட்டேன். உள்ளங்கையில குறுக்க ஒரு கருப்புக் கோடு. தந்தலுக்கு இரும்புன்னா பயம். ஊசிக்கே ஓடும். இரும்பப் புடிச்சிருந்த கைய அது எப்படித் தொடும்?”

கையூன் சேற்றில் உட்கார்ந்துவிட்டான்.

“பின்ன ஏன் ஒண்ணும் சொல்லல?”

“நீ சொன்னது நல்லாருந்துச்சு. ஊரே நம்புச்சு. நானும் போற இடமெல்லாம் சொன்னேன். நானும் பாத்தேன்னு சொன்னேன். இன்னொருத்தி பையன் அந்தத் தண்ணியில ஒயர விடக்கூடாதுன்னு.” கம்பியைத் தரையில் ஊன்றினாள். “நீ எனக்குச் சொன்ன பொய்ய நான் ஊருக்குச் சொன்னேன். உனக்கும் சேத்துத்தான்.”

மூத்த எருமை குரல் வந்த திசையில் தலையைத் திருப்பியது.

“எத்தன வியாழக்கிழம போனேன்” என்றாள். “ஒரு நாளும் அவன் வரல. ஒரு அசைவு இல்ல. ஏன்னு யோசிப்பேன். இரும்பு உள்ள கிடந்திருக்கு. எப்படி வருவான்?”

“அவன் தந்தல் இல்லடி.”

“நீதானே தந்தல்னு சொன்ன.”

கையூன் அழுதான். அவள் அழவில்லை. கம்பியைக் கொண்டுபோய் வறட்டிக் குவியலுக்குப் பின்னால், வீட்டுக்கு வெளியே, வடக்கே மடுவைப் பார்க்காத பக்கமாகச் சாத்தினாள்.

ரிஹாம் வாசலில் நின்றிருந்தாள். கேட்டிருக்கிறாள் என்று தெரிந்தது. நஷ்மியா கையைக் கழுவிக்கொண்டு எருமையின் அடியில் கறக்க உட்கார்ந்தாள்.

“சொல்லு மகளே. எங்களுக்குத் தண்ணி வருமா?”

“வரும்னு நெனைக்கிறேன். மடுவ வெச்சுத்தான் கேக்கப் போறேன்.” ரிஹாம் தயங்கினாள். “ஆனா அத வெச்சுக் கேட்டா ஒரு நிபந்தனை இருக்கு. அந்த மடுவும் சுத்தி இருக்கிற நாணலும் மூடின இடமாயிடும். வலை கூடாது, படகு கூடாது, எருமை கூடாது. யாரும் உள்ள போகக்கூடாது.”

“யாரும்னா?”

“யாரும்தான்.”

“நானும்?”

“நீங்களும் உம் சாஜித். மெழுகு தண்ணியில படியுது. கட்டை ஒதுங்கற இடத்துல பாசி அழுகுது. உங்களுக்கு மட்டும்னு விட்டா, நாளைக்கு வேறொருத்தன் வந்து எனக்கு மட்டும்னு நிப்பான்.”

பால் பாத்திரத்தில் விழும் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு அதுவும் நின்றது. அந்த எருமையிடம் அவ்வளவுதான் இருந்தது.

“வேணாம்னு சொன்னா?”

“கிழக்க போயிடும் தண்ணி.”

“போனா, நாங்க கர்பலாவுக்குப் போகணும். இது வத்திப்போயிடும்.” நஷ்மியா எருமையின் வயிற்றில் நெற்றியைச் சாய்த்திருந்தாள். “இருந்தா, இங்கயே இருந்துக்கிட்டு அவனப் பாக்காம இருக்கணும்.”

ரிஹாம் அவள் பக்கத்தில் குந்தினாள்.

“அது நெறஞ்சிருக்கும் இல்ல? தட்டான், மீனு எல்லாம்?”

“இருக்கும்.”

“அப்போ அவன் தனியா இல்ல.” எழுந்தாள். “கேட்டுக்கோ. தண்ணியக் கேளு.”

உள்ளிருந்து நூரி வந்தான். கையில் குப்பி. “ஒரு இடம் ஏன் கெடாம இருக்குன்னு காரணம் கேப்பாங்க” என்றான். “என்ன சொல்றது?”

“தந்தல்னு சொல்லு” என்றாள் நஷ்மியா.

“அதெப்படி ஆபீசுல...”

“ஆபீசுல என்ன வேணாச் சொல்லு. ஊருல யாரு கேட்டாலும் தந்தல்னு சொல்லு. நான் இனிமே அங்க போகப் போறதில்ல. போகாதவ எத்தன நாளைக்குச் சொல்ல முடியும்? புதுசா யாராவது பாத்திருக்கணும்.”

நூரி ரிஹாமைப் பார்த்தான். மீசையைத் தடவினான்.

அடுத்த நாள் மிஸ்பான் டவுன் தேநீர்க் கடையில் நூரியைப் பார்த்துவிட்டு வந்து சொன்னான். பஸ்ரா டாக்டர் ஒரு தட்டு மீனைத் தீர்த்துவிட்டு, கேட்டவர்களிடமெல்லாம், அது நாணலைவிட உயரம் என்று சொல்லிக்கொண்டிருந்தாராம். கழுத்துப்பட்டியில் ஊசி குத்தியிருந்ததாம். கரண்ட் வைத்து மீன் பிடிக்கும் இரண்டு பேர் எழுந்து போய்விட்டார்களாம்.

“படிச்சவன் பொய் சொன்னா என்ன அழகா இருக்கு மச்சான்” என்றான் மிஸ்பான். “நாம சொன்னா கோழி மாதிரி பறக்க மாட்டேங்குது.”

*

குளிர்காலத்தில் தண்ணீர் வந்தது.

முதலில் மண் கலந்து வந்தது. பிறகு தெளிந்தது. வீட்டுக்கு முன்னால் ஓட்டம் எடுத்து வடக்கே திரும்பி நாணலுக்குள் போயிற்று. நாணலுக்கு முன்னால் கம்பங்கள் நட்டுக் கயிறு கட்டியிருந்தார்கள். கையூனின் எருமைகள் கழுத்தளவு நின்றன. கண் போன எருமையும் நின்றது. அதற்குக் கண் வரவில்லை. பால் கொஞ்சம் ஏறியது.

இறக்கை வெட்டிய தாழைக்கோழிக்கு இறகு முளைத்துவிட்டது. போகாமல் வீட்டைச் சுற்றியே திரிந்தது.

வியாழக்கிழமை வந்தது. நஷ்மியா வீட்டு வாசலில் குந்தி ஒரு மட்டைக் கட்டையைச் செதுக்கினாள். மெழுகுவர்த்தி வைக்கவில்லை. ஒரு சொட்டு எண்ணெயும் திரியும் வைத்த சிப்பி. ஏற்றித் தண்ணீரில் விட்டாள்.

கையூன் எருமைகளை ஓட்டிக்கொண்டு வந்தவன் நின்றான்.

கட்டை நிற்கவில்லை. அசைந்தது. இத்தனை வருடத்தில் அவள் விட்ட எதுவும் அசைந்ததில்லை. ஓட்டத்தில் திரும்பி, வீட்டைக் கடந்து, வடக்கே போயிற்று. கயிற்றுக்கு அடியில் நுழைந்தது. நாணல் அதை வாங்கிக்கொண்டது. தண்டுகளுக்கிடையில் வெளிச்சம் விட்டு விட்டுத் தெரிந்தது. பிறகு தெரியவில்லை.

நஷ்மியா பார்த்துக்கொண்டே இருந்தாள். காற்று இல்லை. எருமைகள் எல்லாம் ஒரே நேரத்தில் தலையைத் தூக்கின. கண் இல்லாததும்.

மடு இருந்த இடத்தில் வெளிச்சம் மறுபடி தெரிந்தது. தண்ணீர் மட்டத்தில் இல்லை. நாணல் பூக்களுக்கு மேலே. ஒருவன் கையில் ஏந்தி, நன்றாகத் தெரியட்டும் என்று உயர்த்திப் பிடித்தால் இருக்கும் உயரம். அசையாமல் கொஞ்ச நேரம் இருந்தது. பிறகு மெதுவாக இறங்கியது.

“பாத்தியா?” என்றாள் நஷ்மியா.

கையூனின் கழி கையிலிருந்து நழுவித் தண்ணீரில் விழுந்தது. குனிந்து எடுத்தான்.

“இல்ல” என்றான்.